வகுப்பு மாறும் நேரத்தில் வளாகத்தில் மிதிவண்டி ஓட்டுவது எப்படி?

கேள்வி:
வகுப்பு விட்டதும் எங்கள் கல்லூரிச் சாலை முழுவதும் கைபேசியைப் பார்த்தபடி நடப்பவர்களால் நிறைந்துவிடுகிறது. மணி அடித்தால் காதில் இயர்போன் அணிந்தவர்களுக்குக் கேட்பதில்லை. கேட்டவர்களோ திடுக்கிட்டு, நான் விலகும் பக்கமே துள்ளுகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1:
நண்பரே, மணியை அருகில் வந்து அடிக்காமல் தொலைவிலேயே ஒருமுறை அடியுங்கள். குறுக்கே கடப்பவரின் முன்னால் புகாமல் முதுகுப்புறமாகச் செல்லுங்கள். அவர் முன்னே நகர நகர, பின்னால் உள்ள இடம் தானாகவே காலியாகிவிடும். எனினும் சிலர் செய்தியைப் படித்ததும் நடுச்சாலையில் நின்றுவிடுவதால், கை பிரேக்கிலேயே இருக்கட்டும்.

பதில் 2:
அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள் என்று நம்பவே வேண்டாம். அமெரிக்காவின் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில், ஒற்றைச் சக்கர வண்டியில் கோமாளி ஒருவரை ஓட்டச் செய்து ஐரா ஹைமன் குழுவினர் நடத்திய ஆய்வில், கைபேசியில் பேசியபடி நடந்தவர்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினர் மட்டுமே அவரைக் கவனித்திருந்தனர். இருவராகப் பேசிக்கொண்டு சென்றவர்களில் பெரும்பாலோர் கவனித்திருந்தனர். கோமாளிக்கே அந்தக் கதி என்றால், சாதாரணச் சட்டை அணிந்த நாம் எம்மாத்திரம்!

பதில் 3:
நெரிசல் மிகுந்த அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்லுங்கள்.