நொய்யல் நீரில் நிலைகொள்ளாத ஒளியிழை உணரி: ஆலோசனை தேவை

வணக்கம். நொய்யல் நீரின் பிஎச் அளவைத் தொடர்ந்து கண்காணிக்க, கோவையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்த ஒளியிழை உணரி, பிஎச் அளவு நிலையாக இருக்கும் தாங்கல் கரைசல்களில் சரியாக இயங்குகிறது; திருப்பூருக்குக் கீழே எடுத்த ஆற்று நீரில் வைத்தால் மட்டும், சில மணி நேரத்திலேயே உண்மையைவிடக் காரத்தன்மையை அதிகமாகக் காட்டத் தொடங்குகிறது. அதே நீரில் கண்ணாடி மின்முனை மீட்டரின் அளவு மாறுவதில்லை.

இழை 400 மைக்ரான் உள்ளகம் கொண்ட சிலிக்கா. 3 செ.மீ. நீளத்துக்கு மேலுறையை நீக்கி, புரோமோதைமால் நீலம் (அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் நீலமாகவும் மாறும் நிறங்காட்டி) கலந்த சோல்-ஜெல் படலம் (கரைசலிலிருந்து உருவாகும் நுண்துளைச் சிலிக்கா) பூசியுள்ளோம். அளவீடு, அதன் நீல வடிவம் ஒளியை உறிஞ்சும் 615 நானோமீட்டரில். நிறங்காட்டி உறிஞ்சாத 850 நானோமீட்டர் ஒப்பீட்டுக்கு. இரண்டிலும் ஒளி குறைகிறது, ஆனால் 615-இல் கூடுதலாகக் குறைவதால் விகிதம் கைகொடுக்கவில்லை.

0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தும் பயனில்லை என்பதால், வண்டல் காரணமல்ல. வாலைவடிநீரில் கழுவினால் அளவு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை; எத்தனாலில் கழுவினாலோ நிறங்காட்டியே கரைந்து வெளியேறுகிறது. அமிலத் தாங்கலில் தெளிந்த மஞ்சளாக வேண்டிய படலம், உருப்பெருக்கியில் மங்கிய பச்சையாகவே தெரிகிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் கொண்டவை, அதேபோல் எதிர்மின் கொண்ட சிலிக்காவில் எளிதில் ஒட்டாதவை. எனவே துணி மென்மைக்கும் சாயம் நிலைப்பதற்கும் சேர்க்கும் நேர்மின் பொருள்கள் முதலில் படிந்து, சாயத்தைப் பிடித்துவைக்கின்றன என்றே கருதுகிறேன்.

இப்பொருள்களைத் தடுத்து, ஹைட்ரஜன் அயனிகளை மட்டும் விரைவாக உள்ளே விடக்கூடிய, முக்கியெடுத்துப் பூசத்தக்க மேற்பூச்சு எது?