ஈ.ஆர்.ஏ. குறைந்த பிட்சரா, ஸ்ட்ரைக்அவுட் மிகுந்த பிட்சரா: யாரை எடுப்பது?

லாஸ்பேட்டை:
அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் நடத்துகிற, பணம் கட்டாத ஃபேண்டஸி பேஸ்பால் லீகில் (நிஜ வீரர்களைக் கொண்டு நாமே கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறும் போட்டி) புதுச்சேரியிலிருந்து நானும் சேர்ந்திருக்கிறேன். பிட்சர்களுக்கு, அதாவது பந்து வீசுபவர்களுக்கு, வெற்றி, சேவ் (முன்னிலையைக் கடைசி வரை காப்பது), ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), ஈ.ஆர்.ஏ. (ஓட்டம் கொடுக்கும் சராசரி), விப் (இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் வாக், ஹிட்களின் சராசரி) ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. ஸ்டார்ட்டிங் பிட்சருக்கான (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்) ஓர் இடம் காலியாக உள்ளது. இரண்டு பேர் கிடைக்கிறார்கள். இருவரும் இதுவரை தலா 200 பேட்டர்களுக்குப் பந்து வீசியிருக்கிறார்கள். முதலாமவர் 32 ஸ்ட்ரைக்அவுட், 20 வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது), ஈ.ஆர்.ஏ. 2.68. இரண்டாமவர் 56 ஸ்ட்ரைக்அவுட், 14 வாக், ஈ.ஆர்.ஏ. 4.37. ஓட்டம் குறைவாகக் கொடுப்பவரே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. சரிதானா?

கெடிலக்கரை:
தயங்காமல் இரண்டாமவரை எடுங்கள். ஈ.ஆர்.ஏ. என்பது 9 இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் கொடுக்கும் ஓட்டங்களின் சராசரி; ஃபீல்டர்களின் பிழையால் வந்த ஓட்டங்கள் அதில் சேராது என்றாலும், எட்டாமல் போன பந்துகளும் இரு ஃபீல்டர்களுக்கு நடுவே விழுந்த பந்துகளும் பிட்சரின் கணக்கில்தான் ஏறும். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் கேட்ச் தவறினால் பந்து வீச்சாளரின் ஓட்டக் கணக்கு எப்படிக் கெடுகிறதோ அப்படித்தான் இதுவும். ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் வாக்குக்கும் ஃபீல்டர்களோடு தொடர்பில்லை. எனவே ஸ்ட்ரைக்அவுட் விகிதத்திலிருந்து வாக் விகிதத்தைக் கழித்துப் பாருங்கள்: முதலாமவருக்கு 6 சதவீதம், இரண்டாமவருக்கு 21 சதவீதம். அமெரிக்காவின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீகில் இது பொதுவாக 14 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்.

ஹோம்ரன் (எல்லையைத் தாண்டி அடித்தவை) நீங்கலாக, பேட்டில் பட்டுக் களத்துக்குள் வந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின (பேட்டர் அடித்து பேஸை எட்டியவை) என்பதையும் கணக்கிட்டுச் சொல்லுங்கள். நீண்ட காலப் போக்கில் பெரும்பாலான பிட்சர்களுக்கு அது 100க்கு 30 என்ற அளவை ஒட்டியே அமையும். இந்த உண்மையை 2001இல் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் எழுதியபோது பலர் நம்பவில்லை. இன்று பிட்சர்களை எடைபோடும் முறைகள் பலவும் அதன் மேல்தான் நிற்கின்றன.

லாஸ்பேட்டை:
பார்த்தேன். முதலாமவருக்கு 144 பந்துகளில் 35 ஹிட், இரண்டாமவருக்கு 125 பந்துகளில் 45 ஹிட். அதாவது 24 சதவீதமும் 36 சதவீதமும்.

கெடிலக்கரை:
இரண்டுமே நீடிக்காது. முதலாமவரின் ஈ.ஆர்.ஏ. ஏறும், இரண்டாமவருடையது இறங்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

வில்லியனூர்:
முடிவில் உடன்படுகிறேன், ஆனால் 36 சதவீதம் முழுவதையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. தோளிலோ முழங்கையிலோ வலி இருக்கும்போது பிட்சரின் வேகம் குறைவதும், குறைந்த வேகத்தில் வரும் பந்தைப் பேட்டர்கள் பலமாக அடிப்பதும் நடக்கக்கூடியவை. கடைசி மூன்று ஆட்டங்களில் அவருடைய ஃபாஸ்ட்பால் வேகம் சென்ற ஆண்டை விட மணிக்கு இரண்டு மைல் குறைந்திருந்தால் நான் தொடவே மாட்டேன்.

மஞ்சக்குப்பம்:
வெற்றிக் கணக்கைப் பார்த்து யாரையும் எடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2018இல் பிட்சர் ஜேக்கப் டிகிராம் 217 இன்னிங்ஸ் வீசி, 269 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து, 1.70 ஈ.ஆர்.ஏ.வோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையே வென்றார். ஆனால் அவர் அணியின் பேட்டர்கள் கைகொடுக்காததால் வெற்றி 10, தோல்வி 9 என்றுதான் அவர் கணக்கு முடிந்தது. நீங்கள் எடுக்கப்போகிறவர் ஐந்து இன்னிங்ஸாவது தாக்குப்பிடிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அதற்குக் குறைவாக வீசும் ஸ்டார்ட்டருக்கு வெற்றி கிடைக்காது.

லாஸ்பேட்டை:
இரண்டாமவருக்கு வேகம் குறையவில்லை, பெரும்பாலும் ஆறாவது இன்னிங்ஸ் வரை வீசுகிறார். ஆனால் அவருடைய அடுத்த ஆட்டம் டென்வரில்.

வில்லியனூர்:
இன்றே எடுத்துவிடுங்கள், அந்த ஆட்டத்துக்கு மட்டும் பெஞ்சில் வையுங்கள். டென்வர் இருக்கும் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், வளைய வேண்டிய பந்து சரியாக வளையாது. அங்கே மாலை 6.40 மணி ஆட்டம் என்றால் நமக்கு மறுநாள் காலை 6.10. அதற்குள் பட்டியல் லாக் ஆகிவிடும் என்பதால் முந்தைய இரவே மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.