கப் பாதிகூட நிறையவில்லை, ஆனாலும் கசிகிறது

தோழிகளே, மாதவிடாய் கப் பயன்படுத்துபவர்களின் உதவி வேண்டும்.

மெத்தென்ற சிலிக்கோன் கப், மீடியம் சைஸ். மூன்றாவது சுழற்சி இது. வைத்த இரண்டு மணி நேரத்திலேயே ஒரு பக்கமாகக் கசிகிறது. எடுத்துப் பார்த்தால் கால்வாசிதான் இருக்கிறது. அதனால் கொள்ளளவு பிரச்சினை இல்லை, விளிம்பு உட்சுவரோடு இறுக ஒட்டும் சீல்தான் பிடிக்கவில்லை. இருமினாலும் குனிந்தாலும் கசிவு கூடுகிறது. வலி இல்லை.

விளிம்பை ஆங்கில C போல வளைத்து வைக்கும் சி மடிப்பில் கப் உள்ளே முழுதாக விரியவில்லை. அடிப்பக்கத்தைத் தடவினால் ஒரு குழிவு தட்டுப்படும். விளிம்பை உள்ளே அமுக்கும் பஞ்ச் டவுன் மடிப்பில் விரிகிறது, ஆனாலும் கசிகிறது. விளிம்புக்குக் கீழே உள்ள சிறு துளைகளில் தண்ணீர் பீய்ச்சி அடைப்பு நீக்கியாயிற்று. கப்பைச் சுழற்றியும், முதுகெலும்பை நோக்கிச் சாய்த்தும் வைத்தாயிற்று. கர்ப்பப்பை வாய் விரலின் இரண்டாவது கணுவில், சற்று இடப்பக்கமாகத் தட்டுப்படுகிறது. கப் அதன் ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறதோ என்று சந்தேகம்.

கர்ப்பப்பை வாய் இப்படிப் பக்கவாட்டில் இருப்பவர்களுக்கு, அதே அளவில் விளிம்பு கெட்டியான கப்புக்கு மாறியதும் கசிவு நின்றதா?