புதுப்பிப்பு: மரத் தளத்துக்கு எந்தப் பூச்சு? முடிவு இதோ

வெயிலும் மழையும் நேராகப் படும் மரத் தளத்துக்கு நீண்டநாள் நிற்கும் பூச்சு எது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "வார்னிஷ் வேண்டாம், மரத்துக்குள் ஊறும் எண்ணெய் வகை ஸ்டெயின் (மரப்பூச்சு) போடுங்கள்" என்ற யோசனைதான். வார்னிஷ் மேலே படலமாக நிற்கும். அடியில் ஈரம் புகுந்ததும் உரியும். ஊறும் வகை மெல்ல மங்கும், அவ்வளவுதான். நிறமில்லாததைத் தவிர்த்து, மரவரி தெரியும் அளவுக்கு நிறமி கலந்ததை எடுத்தேன். புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்த நிறமிதான். ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது, எங்கும் உரியவில்லை.

பழைய பூச்சைச் சுரண்டி, 80 எண் (சொரசொரப்பான) உப்புத்தாளால் தேய்த்தேன். ரொம்ப நைசாகத் தேய்த்தால் மரம் சரியாக உறிஞ்சாது. அப்புறம் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பூசிக் கழுவியதும், வெயில் மழையில் மரத்தில் ஏறியிருந்த சாம்பல் நிறம் போனது. நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் தெளித்து, துளி உடனே உள்ளே இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பூசினேன்.

எதிர்பாராதது: பலகைகளின் வெட்டுமுனைகள் மிக அதிகமாகக் குடித்தன. அங்கே மட்டும் இரண்டாம் பூச்சு. மற்ற இடங்களில் தேங்கியதைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். எண்ணெய் பட்ட அந்தத் துணிகளைச் சுருட்டிப் போடவே கூடாது, தானாகத் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.