மலருக்கு: நம்ம பகவதிபுரம் ஸ்டேஷன்

அன்புள்ள அண்ணாச்சிக்கும் ஊர் உறவுகள் எல்லோருக்கும்,

நம் ஊர்ச் சிறப்பு மலருக்கான வரைவைப் படித்தேன். செங்கோட்டைக்கும் கேரள எல்லைக்கும் நடுவில் இருக்கும் நம் ஸ்டேஷனுக்கு நாலே வரி: வெள்ளைக்காரன் பாதை போட்டான், பிறகு அகலப்பாதை ஆனது. தயவுசெய்து ஒரு முழுப் பக்கமாவது கொடுங்கள்.

1904-ல் கொல்லம்–செங்கோட்டைப் பாதை திறந்தபோது நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. ஆட்சி மூலம் திருநாள் மகாராஜாவுடையது. ரயில் ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி என்றாலும் சமஸ்தானத்துப் பணமும் அதில் இருக்கிறது. திருவிதாங்கூரின் முதல் ரயில் பாதையே இதுதான். தலைநகரான திருவனந்தபுரத்துக்கு ரயில் போனது 1918-ல். அதற்கு 14 வருஷம் முன்பே நம் ஸ்டேஷனை அடுத்த புளியரைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டாயிற்று! 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகுதான் நம்முடையது எல்லை ஸ்டேஷன் ஆனது. வரைவில் இது ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், மலையேற்றம். செங்கோட்டையிலேயே பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டிவிடுவார்கள். முன்னது இழுக்க, பின்னது தள்ள, நம் ஸ்டேஷனைத் தாண்டியதும் மலையைக் குடைந்த குகை. கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் நீளம். நீராவி எஞ்சின் காலத்தில் குகை வரும் முன்பே பெரியவர்கள் ஜன்னலை இறக்கச் சொல்லிவிடுவார்கள். இறக்காத பெட்டியில் புகையும் கரித்தூளும்தான். அந்தப் பக்கம் வெளியே வந்தால் ஆரியங்காவு, கேரளம். இன்னும் இறங்கினால் கழுதுருட்டியைத் தாண்டிப் பதிமூன்று கண் பாலம். இன்றும் மலை ஏற இரண்டு எஞ்சின்தான்.

அகலப்பாதை ஆக்குவதற்காகப் பழைய மீட்டர்கேஜ் (குறுகிய பாதை) வண்டி 2010 செப்டம்பரில் நின்றது. 2018-ல்தான் முழுப் பாதையும் திரும்ப ஓடத் தொடங்கியது. நடுவில் படித்த பிள்ளைகளுக்கு மலையைத் தாண்டப் பஸ் மட்டும்தான். ஊருக்குள் ரயிலே இல்லாத அந்தக் காலத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். அப்போது எத்தனையோ பேர் கொல்லம் பக்கத்து வேலையையும் சம்பந்தத்தையும் விட்டுவிட்டார்கள்.

அப்பாவோ தாத்தாவோ தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக, தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேனாக, கேட்கீப்பராக இருந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். துபாயோ டொரண்டோவோ, எங்கிருந்தாலும் சரி, இந்த வாரமே வீட்டுக்குப் போன் போட்டுப் பேசி, சொல்வதை அப்படியே பதிவு செய்யுங்கள். பழைய போட்டோ இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்புங்கள். வருஷம் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். தொகுத்துக் கட்டுரையாக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.