பெர்லின் டிரெசார் கிளப் போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். டெக்னோ இசைக்கு ஆடும் கிளப்பான டிரெசாருக்கு ஒரு சனிக்கிழமை இரவு நாலு பேர் போகிறோம். ஆட்டத்தைவிட இடத்தின் மேல்தான் கண். 1991இல் வெர்ட்ஹைம் பேரங்காடியின் பாதாள லாக்கர் அறையில் தொடங்கி, 2005இல் மூடி, 2007இல் கோப்பெனிக்கர் தெருவின் பழைய மின்நிலையத்துக்கு வந்த கிளப். பழைய இடத்துக் கம்பிகளும் லாக்கர் பெட்டிகளும் கூடவே வந்துவிட்டன. அழகுக்காக ஏற்றிய துரு இல்லை, நிஜத் துரு.

வழி தெரியும்: யு8 மெட்ரோ ரயில், ஹைன்ரிஷ் ஹைனே தெரு நிலையம். வார இறுதியில் விடிய விடிய ஓடும். படம் எடுக்காதபடி செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்பதும் தெரியும்.

காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபலில் வெறுங்காதோடு 15 நிமிடம்தான் பாதுகாப்பு. நுரைப்பஞ்சு வகையை நன்றாக உருட்டி, காது மடலை மேலே பின்னால் இழுத்து நுழைத்து, அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதியில் விரிந்து வெளியே தள்ளிவிடும். ஆனால் நுரைப்பஞ்சு கீச்சொலியை அதிகம் தின்றுவிடுகிறது. ஃபில்டர் வைத்தது வாங்கலாமா?

கேட்க வேண்டியவை இன்னும் சில. வரிசையில் நாலு பேரும் ஒன்றாக நிற்பதா, இரண்டிரண்டாகவா? கோட்டு வைக்குமிடத்தில் ரொக்கம் மட்டும்தானா? புகையிலும் வேர்வையிலும் மூக்குக்கண்ணாடி மங்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? முக்கியமாக, லாக்கர் பெட்டிகளைக் கிட்டப் போய்ப் பார்க்குமளவுக்குக் கூட்டம் குறைவது எத்தனை மணிக்கு?