மறு: 'கணக்கழிப்பு' என்ற சொல் பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

கணினிக் கட்டளைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், பயனர் கணக்கை எடுத்துவிடும் வேலைக்குக் 'கணக்கழிப்பு' என்று அண்ணாச்சி நேற்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அழிப்பது எதை என்று கேட்டால் சிக்கல் வருகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரே சர்வர், பிள்ளைகள் எல்லாருக்கும் அதில் கணக்கு. ஒரு வருடம், கடைசியாகச் சேர்ந்த பையன் பாதியில் நின்றுவிட்டான். கணக்கை நீக்கும் கட்டளையான யூசர்டெல் (userdel) அடித்து அவன் கணக்கை எடுத்தேன். மறுவாரம் ஒரு மாணவி சேர்ந்தார், புதுக் கணக்கு தொடங்க யூசர்ஆட் (useradd) அடித்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்து, "சார், நான் எழுதாத புரோகிராமெல்லாம் என் பேர்ல கிடக்கு" என்றார். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளை போட்டுப் பார்த்தால் உண்மைதான். பையனின் கோப்புகள் எல்லாம் அவர் பெயரில் நின்றன.

காரணம் எளியது. லினக்ஸ் கோப்பின்மேல் உரியவர் பெயரை எழுதி வைப்பதில்லை, எண்ணைத்தான் எழுதும். ஆட்களுக்கான எண் வழக்கமாக 1000-இல் தொடங்கும்; பையனுக்கு 1043 என்று வையுங்கள். 1043 என்றால் யார் என்பது, கணக்குகளின் பட்டியலான பாஸ்வட் (passwd) கோப்பில் ஒரு வரி, அவ்வளவே. வெறும் யூசர்டெல் அந்த வரியையும் ஷேடோ (shadow) கோப்பில் உள்ள கடவுச்சொல் வரியையும் எடுக்கும்; அவர் கோப்புகள் இருக்கும் வீட்டடைவை (home directory) தொடாது. யூசர்ஆட்டோ, இருப்பதில் பெரிய எண்ணுக்கு அடுத்ததைக் கொடுக்கும். பையன் போனதால் அடுத்த எண் மறுபடியும் 1043.

எங்கள் அக்காவுக்குக் கல்யாணமானதும் ரேஷன் கார்டில் பெயர் நீக்கினோம். பெயர் போய் 12 வருடமாகிறது, அவள் டிரங்குப் பெட்டி இன்னும் எங்கள் பரணில்தான் இருக்கிறது. மதினி வந்தபோது அதைத் தன் பெட்டி என்று நினைத்துத் திறக்கவில்லை. கணினிக்கு அந்த விவரம் கிடையாது.

ஆகவே வெறும் யூசர்டெல்லுக்கு நான் சொல்வது 'பெயர் நீக்கல்'. தாலுகா ஆபீஸ் படியேறிய எவருக்கும் விளக்க வேண்டாம். பெயர் போகும், பொருள் இருக்கும் என்பது அதிலேயே இருக்கிறது.

யூசர்டெல்லோடு 'ஆர்' (-r) என்ற குறியைச் சேர்த்தால் வீட்டடைவும் அஞ்சலும் சேர்ந்து போகும். அதற்கு ஒருவர் 'கணக்குத் தீர்ப்பு' என்றார், இன்னொருவர் 'காலி செய்தல்' என்றார். 'காலி' வெளியிலிருந்து வந்த சொல் என்பது எனக்குக் குறையில்லை. ஆனால் கணக்கைத் தீர்த்துட்டான், ஆளைக் காலி பண்ணிட்டான் என்றெல்லாம் எங்கள் பக்கம் சொன்னால் கேட்பவர் அரிவாளைத்தான் நினைப்பார். மாணவர்கள் கையில் கொடுக்கும் கையேட்டில் அது வேண்டாம்.

எனக்குத் தோன்றுவது 'ஒழித்தல்'. உடனே கொசு ஒழிப்பு, வறுமை ஒழிப்பு என்று மறுமடல் வரும், தெரியும். ஆனால் அடுப்படியில் ஆச்சி "ரசச் சட்டிய ஒழிச்சுப் போடு" என்றால் சட்டியை உடைக்கச் சொல்லவில்லை; உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுக் கழுவப் போடச் சொல்கிறாள். "மார்கழி கழியட்டும், தையில வீட்ட ஒழிச்சுத் தாரோம்" என்று வாடகைக்கு இருப்பவர் சொன்னால் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். வெறும் 'ஒழிப்பு' என்றால்தான் கொசு ஞாபகம். முன்னால் ஒரு சொல் போட்டு 'இல்லம் ஒழித்தல்' என்றால் பொருள் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டடைவை நம்மில் பலர் ஏற்கெனவே 'இல்லம்' என்றுதான் எழுதுகிறோம்.

கடவுச்சொல்லை மட்டும் செல்லாமல் ஆக்குவதற்குப் 'பூட்டல்' போதும். ஷேடோ கோப்பில் கடவுச்சொல்லுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி விழும், அவ்வளவுதான் பூட்டு. தொலைவிலிருந்து கடவுச்சொல் இல்லாமல் நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) சாவி வைத்திருப்பவர் அதற்குப் பிறகும் உள்ளே வரலாம். முன்வாசலைப் பூட்டிப் புறவாசலை மறந்த கதை. அவரையும் நிறுத்த வேண்டுமானால் கணக்குக்கே காலாவதித் தேதி போட வேண்டும். அதற்குக் 'காலாவதியாக்கல்' என்பது பழகிய சொல், மாற்ற வேண்டியதில்லை.

அப்புறம், கணக்கு போன பிறகு உரியவர் இல்லாமல் நிற்கும் அநாதைக் கோப்புகள். வீட்டடைவுக்கு வெளியே எங்கெங்கோ கிடப்பவற்றை 'ஆர்' எடுக்காது. தேடுவதற்கான ஃபைண்ட் (find) கட்டளையில், உரியவர் இல்லாதவை என்று பொருள்படும் நோயூசர் (-nouser) போட்டுத் தேடினால்தான் அகப்படும். எல்எஸ் போட்டால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் நிற்கும். பட்டா இல்லாத நிலத்தை என்னவென்று சொல்வோம்? 'புறம்போக்குக் கோப்பு'! சிரிக்காதீர்கள். திட்டும் சொல்லாகத் திரிந்துவிட்டது என்பதற்காக வருவாய்த் துறை அதை விட்டுவிட்டதா?

நம் ஊருக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. திருநெல்வேலியில் இருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1930களிலேயே கலைச்சொல் தொகுப்பில் இறங்கியது, இ. மு. சுப்பிரமணிய பிள்ளை அதில் முன்னின்றவர். அவர்களுக்கு வேதியியலும் கணக்கும் வாய்த்தன, நமக்கு யூசர்டெல்.

அண்ணாச்சி, 'கணக்கழிப்பு' வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் நீக்கி, இல்லம் ஒழித்து, புறம்போக்கையும் தேடி எடுத்த பிறகு, மொத்தத்துக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். 1043-ஐ அடுத்தவருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பதற்குத்தான் எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?